எழுதியதையும் எடுத்ததையும் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்பவர்களுக்கு: அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் கதை எழுதுகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், படம் வரைகிறவர்கள் பலர் எனக்குப் பழக்கம். தாங்கள் செய்ததை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுகிறார்கள். போட்டுவிட்டு, "யாரும் உருப்படியா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று எனக்குப் போன் செய்கிறார்கள். ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, என் பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். கதைக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றவற்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

அக்கா, கதை போட்டா எல்லாரும் "சூப்பர்", "அருமை"ன்னு மட்டும் போடுறாங்க. அப்ப நல்லாருக்குன்னு எடுத்துக்கலாமா?

அன்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீ ஒன்று செய்திருக்கிறாய், பார்த்தேன், சந்தோஷம் என்பதைத்தான் அந்த ஒற்றைச் சொல் சொல்கிறது. அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்; அடுத்ததை எழுத உட்கார அந்தத் தெம்பு வேண்டும். ஆனால் கதை எப்படி வந்திருக்கிறது என்பதற்கு அதில் பதில் கிடையாது. சிலர் முதல் பத்தியைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

சந்தேகமாக இருந்தால், அப்படிப் போட்ட ஒருவரை நேரில் பார்க்கும்போது, "எந்த இடம் மனசுல நின்னுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரியையோ ஒரு பாத்திரத்தையோ சொன்னால் படித்திருக்கிறார். அந்த ஒரு வரியை நோட்டில் எழுதி வையுங்கள்.

நானும் "படிச்சுட்டுக் கருத்து சொல்லுங்க"ன்னுதானே கேட்கிறேன். வேற எப்படிக் கேட்கணும்?

அப்படிக் கேட்டால் முழு வேலையும் படிப்பவர் தலையில் விழுகிறது. எதைப் பற்றிச் சொல்வது, எவ்வளவு சொல்வது, சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று எல்லாவற்றையும் அவரே யோசிக்க வேண்டும். அதற்கு "சூப்பர்" போட்டுவிடுவது லேசு.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை செய்யும் ஓர் அம்மாவும் அவள் மகளும் வருகிற கதை என்று வைத்துக்கொள்வோம். இப்படிக் கேட்கலாம்: "இது எட்டுப் பக்கக் கதை, இரண்டாவது டிராஃப்ட். படிக்க இருபது நிமிஷம் ஆகும். அம்மாவும் மகளும் சண்டை போடுகிற இடம் நாடகம் மாதிரி இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம், அதைப் பாருங்கள். மகள் ஏன் வீட்டை விட்டுப் போகிறாள் என்பது புரிகிறதா என்றும் சொல்லுங்கள். எழுத்துப்பிழையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் போதும்."

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று படிப்பவருக்கு இப்போது தெரியும். அதைவிட முக்கியமானது, குறை சொல்ல அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. உங்கள் சந்தேகத்தை நீங்களே சொல்லிவிட்டதால், "ஆமா, அந்த இடம் கொஞ்சம் ஓவராத்தான் இருக்கு" என்று சொல்ல அவர் கூச்சப்பட மாட்டார். பழகியவர் முகத்துக்கு நேரே குறை சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. அந்தத் தயக்கத்தைப் போக்குவது கேட்பவரின் பொறுப்பு.

எனக்கு எது சந்தேகம்னே தெரியலயே. எல்லாமே நல்லா வந்திருக்குற மாதிரிதான் இருக்கு.

எழுதி முடித்த சூட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டாலே பாதிக் கேள்விகள் கிடைத்துவிடும்.

அப்புறம், எந்தக் கதைக்கும் பொருந்துகிற கேள்விகள் சில உண்டு. படிக்கும்போது எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது? எந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது? யார் பேசுகிறார்கள் என்று எங்கே குழப்பம் வந்தது? இவற்றுக்குப் பதில் சொல்ல இலக்கியம் கற்றிருக்க வேண்டியதில்லை. நான் அதிகம் நம்புவது இன்னொரு கேள்வியை: "இதைப் படிக்காத ஒருத்தருக்கு இந்தக் கதையை ரெண்டு மூணு வரியில சொல்லுங்க." மகளைப் பற்றி எழுதியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் அதை அம்மாவின் கதையாகச் சொல்வார். அப்போது உங்களுக்கே புரிந்துவிடும், எங்கே கை வைக்க வேண்டும் என்று.

யார்கிட்டக் கேட்கலாம்? எங்க சொந்தக்காரங்க குரூப்ல அறுபது பேர் இருக்காங்க, அதுல போட்டாப் போதாதா?

சந்தோஷத்துக்குப் போடுங்கள். திருத்துவதற்கு அந்த இடம் ஆகாது. சித்தி "என் தங்கம்" என்பார், மாமா கும்பிடும் படம் போடுவார், யாராவது ஒருவர் "இது நம்ம பெரியம்மாவப் பத்தியா?" என்று கேட்டு வேறொரு பஞ்சாயத்தைக் கிளப்புவார்.

நிறையப் படிக்கிற ஒருவரிடம் கேளுங்கள். நீங்கள் செய்வதையே செய்கிற இன்னொருவரிடமும் கேளுங்கள். பலரும் மறந்துவிடுவது, எழுதிய விஷயத்தை வாழ்க்கையாக வைத்திருக்கிற ஆளை. அந்தப் பூ மார்க்கெட் கதையிலேயே, "விடியற்காலையில் விரிந்த மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. மொத்தக் கடைக்காரர்கள் முழம் போட்டுக் கொடுத்தார்கள்" என்று இரண்டு வரி வந்தால், உங்கள் இலக்கிய நண்பர்கள் நடை அழகாக இருக்கிறது என்று தாண்டிப் போய்விடுவார்கள். தெருமுனையில் பூக்கட்டி விற்கிற அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள், முதல் வரியிலேயே நிறுத்துவார். மல்லிகையை மொட்டாகத்தான் பறிப்பார்கள். காலையில் மார்க்கெட்டுக்கு வருவதும் மொட்டுதான். அது விரிவது சாயங்காலம், தலையில் ஏறிய பிறகு. விரிந்துவிட்டால் விலை போகாது. மொத்த மார்க்கெட்டில் உதிரிப்பூ கிலோக் கணக்கு, கட்டிய சரத்துக்குத்தான் முழக் கணக்கு.

இதெல்லாம் தகவல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. அதைப் பற்றி மதுரைக்காரர் தப்பாக எழுதினால் வெளியூர் வாசகர் அதை அப்படியே நம்பிவிடுவார். தவிர, அந்த அக்கா பேச்சோடு பேச்சாக, மார்கழி தை பனியில் வரத்து குறைந்து விலை எங்கேயோ போய்விடும் என்பதையும் சொல்வார். அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை மூள நீங்கள் தேடிக்கொண்டிருந்த காரணம் அதில் இருக்கும்.

தெரிஞ்ச எழுத்தாளர் ஒருத்தருக்கு முழு நாவலையும் பிடிஎஃப்பா அனுப்பினேன். ப்ளூ டிக் வந்து ஒரு மாசமாச்சு, பதிலே இல்ல. பிடிக்கலயா?

படித்திருக்கவே மாட்டார். முந்நூறு பக்கத்தை வாட்ஸ்அப்பில் யாரும் படிக்க முடியாது. கேட்காமல் வந்ததை எப்போது படிப்பது என்றும் அவருக்குத் தெரியாது. முதலில், "ஒரு அத்தியாயம் மட்டும் அனுப்பலாமா, பத்துப் பக்கம்தான்" என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும், இரண்டாவது கேள்வியில் சொன்ன மாதிரி ஒரு குறிப்போடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம், வருத்தமும் வேண்டாம்.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது மேடையை விட்டு இறங்குகிறவர் கையில் கையெழுத்துப் பிரதியைத் திணிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் எழுதியதைப் படித்திருந்தால் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுங்கள். உங்களுடையதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பாதி எழுதினதைக் காட்டலாமா, முடிச்சிட்டுத்தான் காட்டணுமா?

சிறுகதை என்றால் முடித்துவிட்டுக் காட்டுங்கள். பாதியில் காட்டினால் தொடக்கத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நீங்களும் தொடக்கத்தையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள், முடிவு வரவே வராது.

வரைகிறவர்களுக்கு நேர் எதிர். பென்சில் கோடாக இருக்கும்போதே காட்ட வேண்டும். வண்ணமெல்லாம் அடித்து முடித்த பிறகு, "வலது கை நீளமா இருக்கே" என்று ஒருவர் சொன்னால் மனக்கஷ்டம்தான் மிச்சம்.

அழகர் ஆத்துல இறங்கறப்ப எடுத்த போட்டோவுக்கு லைக் குவிஞ்சிருச்சு. ஆனா ஒரு போட்டோகிராபர் அண்ணன், "இது அழகருக்கு விழுந்த லைக்கு தம்பி"ன்னுட்டாரு. அப்படியா?

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று தங்கக் குதிரையில் வைகைக்கு வருகிற அழகரை எந்தக் கோணத்தில் எடுத்துப் போட்டாலும் மதுரைக்காரர் கை தானாகக் கும்பிடும். உங்கள் வேலை தெரிய வேண்டும் என்றால், திரையில் அழகர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மீதி இருக்கிற கூட்டத்தில், நீர் தெளிக்கிற கைகளில், தூக்கிப் பிடித்த போன்களுக்கு நடுவில் ஒரு முகமாவது பார்க்கும்படி இருக்கிறதா? இருந்தால் அது நீங்கள் எடுத்த படம்.

போட்டோவுக்குக் கருத்துக் கேட்கும்போது, "கண்ணு முதல்ல எங்க போச்சு, அடுத்து எங்க போச்சு?" என்று கேளுங்கள். நல்ல பதில் வரும். அதோடு என்ன நேரம், என்ன ஷட்டர் வேகம், என்ன ஐஎஸ்ஓ, எவ்வளவு வெட்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடியாத இருட்டில் எடுத்ததற்கும் வெயில் ஏறிய பிறகு எடுத்ததற்கும் ஒரே யோசனை பொருந்தாது. அதே நிமிடத்தில் எடுத்த வேறு இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பி, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் இன்னும் நல்லது. பல பேருக்கு எடுப்பதில் குறை இல்லை, எடுத்ததில் எதைப் போடுவது என்பதில்தான் குறை.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அதை வைத்துக்கொண்டு "ஷார்ப்பா இல்லையே" என்று சொன்னால் அது உங்கள் குறை ஆகாது. டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

பாடி ரெக்கார்ட் பண்ணிப் போடுறேன். அதுக்கு எப்படிக் கேட்கிறது?

முழுப் பாட்டையும் அனுப்பாதீர்கள். சந்தேகமான ஒரு சரணத்தை மட்டும், எக்கோ எதுவும் சேர்க்காமல், தம்பூரா சுருதியோடு பாடி அனுப்புங்கள். எக்கோ போட்டால் சுருதி விலகுவது மறைந்துவிடும். கேட்பவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. "எந்த இடத்துல சுருதி இறங்குது, எந்த இடத்துல சொல்லு விளங்கல" என்று இரண்டே இரண்டு கேள்வி போதும்.

ஒருத்தர் "சரியில்ல"ன்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டாரு. நைட்டெல்லாம் தூக்கமே வரல.

வராதுதான். நாம் செய்ததைச் சொன்னால் நம்மையே சொன்ன மாதிரி இருக்கும். அன்றைக்கு எதையும் திருத்தாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். மறுநாள், "எந்த இடத்துல சரியில்லன்னு தோணுச்சு, சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். இடத்தைக் காட்டினால், அவர் சொன்ன தொனியை விட்டுவிட்டு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட முடியாவிட்டால் அவருக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்காமல் போக அவருக்கு உரிமை உண்டு. "சூப்பர்" என்று சொன்னவரிடம் இடம் கேட்டோமே, அதையே இவரிடமும் கேட்கிறோம்.

அவரு சரியாப் புரிஞ்சுக்கல அக்கா. நான் என்ன நினைச்சு எழுதினேன்னு விளக்கிச் சொல்லலாம்ல?

வேண்டாம். கதை பத்திரிகையில் வந்தால் ஒவ்வொரு வாசகர் வீட்டுக்கும் போய் நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நீங்கள் நினைத்தது தாளில் இல்லை என்பதைத்தான் அவர் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். வாயால் விளக்கினால் அவர், "ஓ, அப்படியா, அப்பச் சரி" என்பார். கதை அப்படியேதான் கிடக்கும். அதோடு அடுத்த முறை உங்களிடம் எதையும் சொல்லவும் மாட்டார்.

நன்றி சொல்லுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், புரியாததைத் திரும்பக் கேளுங்கள். விளக்கம் தர வேண்டும் போல இருந்தால், அந்த விளக்கத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் ஒரு வரி பெரும்பாலும் கதைக்குள் போக வேண்டியதாக இருக்கும்.

ஒருத்தர் முதல் பத்தியத் தூக்குங்கிறாரு. இன்னொருத்தர் அதுதான் கதையோட உசுருங்கிறாரு. யாரு பேச்சைக் கேட்கிறது?

இரண்டு பேருடைய கண்ணும் அந்தப் பத்தியில்தான் போய் நின்றிருக்கிறது. அதை முதலில் கவனியுங்கள். அங்கே ஏதோ நடக்கிறது. படிப்பவர், "இங்க எனக்கு இடறுது" என்று சொன்னால் அது அவருக்கு நடந்தது, அதை நாம் மறுக்க முடியாது. "அதனால இப்படி மாத்து" என்று சொல்வது அவருடைய யோசனை. முன்னதை நம்புங்கள். பின்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு உங்களுடையது.

பூ மார்க்கெட் கதை அரைப் பக்கம் விடியலை வர்ணித்துக்கொண்டு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில், அம்மா கடைசிப் பத்து ரூபாயை இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிகிறாள் என்று ஒரு வரி; அடுத்த வரியில், "அவளுக்கு மனசு கனத்தது." தூக்கச் சொன்னவருக்கு விடியல் சலித்திருக்கிறது. உயிர் என்று சொன்னவர் அந்த முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விடியலை இரண்டு வாக்கியமாக்கி, முடிச்சை முன்னால் கொண்டுவந்து, "மனசு கனத்தது" என்பதை எடுத்துவிட்டால் இருவருக்கும் இடறாது. இதை அவர்கள் இரண்டு பேருமே சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கதையில "அங்கிட்டு", "அம்புட்டு", "வந்தாய்ங்க"ன்னு எழுதினா வெளியூர்க்காரங்க புரியலங்கிறாங்க. மாத்திறவா?

எந்தச் சொல் புரியவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். "அங்கிட்டு", "அம்புட்டு" எல்லாம் வாக்கியத்தோடு வந்தால் கோயம்புத்தூர்க்காரருக்கும் விளங்கும். பெரும்பாலும் சிக்கல் வேறு இடத்தில் இருக்கும்: யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் பேச்சு நீண்டுகொண்டே போயிருக்கும், அல்லது கதை சொல்கிறவரும் பாத்திரமும் ஒரே குரலில் பேசியிருப்பார்கள். அதைச் சரிசெய்தால் வழக்குச் சொற்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது.

வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கூடவே மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவரிடமும் கொடுங்கள். முன்னவர் நின்ற இடத்தைச் சொல்வார், பின்னவர் பொய்யாகத் தெரிகிற இடத்தைச் சொல்வார். "தாத்தாவும் பெரியப்பாவும் வந்தாய்ங்க" என்று ஒரு மரியாதையான பெண் சொல்வதாக எழுதியிருந்தால் உள்ளூர் ஆள் உடனே பிடித்துக்கொள்வார். "வந்தாய்ங்க" என்பது சேக்காளிகளுக்கும் வேண்டாதவர்களுக்கும் சொல்வது. பெரியவர்களுக்கு "வந்தாங்க"தான். ஊர் மணம் வேண்டும் என்று எல்லார் வாயிலும் "ய்ங்க" போட்டு எழுதுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களே அதைக் கண்டித்துச் சொல்ல வேண்டும்.

ஏஐ கிட்டக் குடுத்துக் கேட்டா உடனே சொல்லிருதே. அப்புறம் எதுக்கு மனுஷங்களைத் தேடணும்?

ஒற்று விட்டது, ஒரே சொல் அடுத்தடுத்து வந்தது இதையெல்லாம் அது காட்டும். அதிலும் தப்பாகக் காட்டுவது உண்டு, அகராதியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வட்டாரப் பேச்சை அதனிடம் கொடுத்தால் "வந்தாய்ங்க"வை "வந்தார்கள்" ஆக்கித் தந்துவிடலாம். பேச்சு மொழியைத் தொடாதே என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ஆனால் எங்கே போனை எடுக்கத் தோன்றியது என்ற கேள்வியை அதனிடம் கேட்க முடியாது. அதற்குச் சலிப்பு வராது. வேலை முடிந்து வந்து, சோறு வெந்துகொண்டிருக்கும்போது உங்கள் கதையைக் கையில் எடுத்த ஒருவருக்குச் சலிப்பு வந்ததா இல்லையா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

போட்டிக்கு அனுப்பப் போறேன். முன்னாடியே முகநூல்ல போட்டுக் கருத்துக் கேட்டா சிக்கலா?

சிக்கல் வரலாம். பல பத்திரிகைகளும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன. முகநூலில் போட்டதையும் வெளிவந்த கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. விதிகளைப் படித்துவிடுங்கள். கூகுள் டாக்ஸில் போட்டு, நான்கைந்து பேருடைய மெயில் முகவரிக்கு மட்டும் கருத்து எழுத அனுமதி கொடுத்தால் அந்தப் பயம் இல்லை. லிங்க் இருக்கிற யாரும் பார்க்கலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

காட்டினா யாராச்சும் திருடிட்டா என்ன பண்றது?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியதுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. கதை, கவிதைகளுக்கு எழுதியவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். டிராஃப்டுகளைத் தேதியோடு வைத்திருங்கள், உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். தகராறு வந்தால் கையில் ஏதாவது இருக்கும்.

கருவுக்கு மட்டும் உரிமை கிடையாது. பூ மார்க்கெட்டில் அம்மாவும் மகளும் என்ற எண்ணத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். நீங்கள் எழுதிய விதத்தைத்தான் எடுக்கக் கூடாது. திருட்டுப் பயத்தில் வருஷக்கணக்காக யாருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிற நல்ல கதைகளை எனக்குத் தெரியும். அந்த நஷ்டம்தான் பெரிது என்பது என் எண்ணம்.

என் பொண்ணுக்குப் பத்து வயசு, நல்லா வரையுறா. படத்தைப் போட்டு நாலு பேர்கிட்டக் கருத்துக் கேட்கலாமா?

படத்தைப் போடுவதாக இருந்தால் முகம், பள்ளிப் பெயர், யூனிஃபார்ம் எதுவும் தெரியாமல் போடுங்கள். தெரியாதவர்களிடம் விமர்சனம் கேட்க வேண்டாம், அந்த வயதுக்கு அது தேவையில்லை. "இதுல என்ன நடக்குது, சொல்லு" என்று அவளிடமே கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது விட்டுப்போனதை அவளே வரைந்து சேர்ப்பாள்.

நெற்றிக்கண்ணைத் தொறந்தாலும் குற்றம் குற்றம்தான்னு நக்கீரர் சொன்ன ஊரு இது. நான் கறாரா "மொக்கை"ன்னு எழுதினா மட்டும் ஏன் கோவிச்சுக்கிறாங்க?

அந்தக் கதையைக் கவனித்துப் பாருங்கள். தருமி கொண்டுவந்த பாட்டை நக்கீரர் "மோசம்" என்று சொல்லவில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்று அந்தப் பாட்டு சொல்வது பொருட்குற்றம், பூவும் மற்றதும் சேர்வதால்தான் மணம் என்றார். எந்த இடம், என்ன குற்றம், ஏன் குற்றம் எல்லாம் அதில் இருந்தது. சொல்லில் பிழையா, பொருளில் பிழையா என்று கேட்டால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நீங்கள் எழுதிய "மொக்கை"யில் இதில் எது இருக்கிறது? அவர் எதிர்த்து நின்றதும் தன்னைவிடப் பெரியவரை. முதல் கவிதையை எழுதிவிட்டுத் தயங்கித் தயங்கிக் காட்டுகிற கல்லூரிப் பெண்ணிடம் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

குற்றம் சொல்லப்பட்ட அந்தப் பாட்டு, இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக இன்றும் இருக்கிறது. காதலன் தும்பியிடம் கேட்கிற அந்தக் கேள்வியை இன்றைக்கும் ரசித்துப் படிக்கிறோம். குற்றம் சொன்னால் படைப்பு செத்துவிடாது. அதனால் கறாராகவே சொல்லுங்கள், ஆனால் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள். நன்றாக இருக்கிற இடத்தையும் அதே அளவு துல்லியமாகச் சொல்லுங்கள். எதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதும் எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும்.

நான் காதலைப் பத்தி எழுதினா, "இது உங்க சொந்தக் கதையா?"ன்னு இன்பாக்ஸ்ல வர்றாங்க. இதையும் விமர்சனம்னு பொறுத்துக்கணுமா?

பொறுத்துக்கொள்ள வேண்டாம். அது விமர்சனமே இல்லை. ஓர் ஆண் கொலைக்கதை எழுதினால் யாரைக் கொன்றீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெண் எழுதினால் மட்டும் கதையை விட்டுவிட்டு எழுதியவளைத் தோண்டுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பிளாக் செய்யுங்கள், மிரட்டலாகப் போனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மின்வழிக் குற்றங்களுக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது, பெண்களுக்கு 181 இருக்கிறது.

இதனால் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள், காட்டுவதையும் நிறுத்த வேண்டாம். புனைபெயரில் எழுதலாம். நம்பிக்கையான நான்கைந்து பெண்கள் சேர்ந்து, தங்களுக்குள் படித்துச் சொல்லிக்கொள்ளலாம். வெளியில் போடும்போது கமெண்டை மூடி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நாங்க ஆறு பேரு சேர்ந்து மாசாமாசம் படிச்சுக் காட்டலாம்னு இருக்கோம். என்ன விதி வைக்கலாம்?

ஆறு பேர் என்பது நல்ல அளவு. ஒரு முறைக்கு இரண்டு பேருடையது போதும், அதையும் நான்கு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சந்தித்துப் படித்துவிட்டு, பேச்சை வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம். நூலகத்துக்குள் சத்தம் போட முடியாது.

ஒரே விதிதான் முக்கியம்: எல்லாரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஏன் என்பதை விளக்கம் பற்றிய கேள்வியில் சொல்லிவிட்டேன். சாதி, குடும்பம், வேலை பற்றிய பேச்சு கதைக்குள் இருந்தால் பேசுங்கள். எழுதியவரைப் பற்றி வேண்டாம்.

எல்லாரும் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். இப்பப் படிச்சா என் கதை மாதிரியே இல்ல.

இது உண்மையாகவே நடக்கும், முக்கியமாக அடக்கமானவர்களுக்கு. முதல் டிராஃப்டை எடுங்கள். இதற்காகத்தான் அதை அழிக்காதீர்கள் என்று சொல்வது. அதில் எதற்காக இந்தக் கதையை எழுத உட்கார்ந்தீர்கள் என்று காட்டுகிற வரி எங்கேயாவது இருக்கும். பூ மார்க்கெட் கதையில் அது முந்தானை முடிச்சாக இருக்கலாம். அந்த வரி புதிய டிராஃப்டில் இருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அது போன இடத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.

இனிமேல் காட்டுவதற்கு முன்னால், இதை மாற்ற மாட்டேன் என்கிற ஒன்றை உங்களுக்கு மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற யோசனை அதை வலுவாக்குகிறதா, கரைக்கிறதா என்று பார்த்து ஏற்கலாம், விடலாம். எவ்வளவு நல்ல வாசகராக இருந்தாலும், அவர் எழுத விரும்பிய கதையை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

எப்பக் கேட்கிறதை நிறுத்துறது?

புதிதாகப் படிப்பவர்கள் ஆளுக்கு ஓர் இடத்தில் இடறுகிறார்கள், ஒரே இடத்தில் இரண்டு பேர்கூட நிற்கவில்லை என்றால் நிறுத்தலாம். போன வாரம் எடுத்த வாக்கியத்தை இந்த வாரம் திரும்பச் சேர்க்கிறீர்கள் என்றாலும் நிறுத்தலாம். எழுத்துப்பிழையை ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வாரமே அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

படித்துச் சொன்னவர்களுக்கு, அவர்கள் சொன்னதில் எது மாறியது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பூக்கார அக்காவுக்கு வாட்ஸ்அப் இல்லையென்றால் நேரில் போய், திருத்திய பத்தியை இன்னொரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.